தூசியும் துலாக்கோலும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அம்மி பறக்கக் கண்டவர் எவருமிலர். காற்றின் வன்மையை மிகுத்துரைக்க எழுந்த வழக்கே அஃதென நாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். ஆயின் இக்காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கற்பாங்கான ஊர்ப்புறங்களை நோக்குவார்க்கு அப்பழமொழி மெய்யாகவே நிகழ்வது புலனாகும். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கோயில் தூணுக்கும் உரிய அதே கருங்கல், வெடி வைத்துப் பிளக்கப்பட்டு, கிரஷர் என்னும் யந்திரத்தின் வாயில் நொறுக்கப்பட்டு, ஜல்லியாகவும் மணலாகவும் லாரிகளில் ஏறிச் செல்கின்றது. எஞ்சிய நுண்பொடி காற்றிலேறி ஊர்மேற் படிகின்றது. மரத்தின் இலை வெளுக்கின்றது. உலர்த்திய துணி நிறம் மாறுகின்றது. திண்ணையைக் காலையிற் கூட்டினால் மாலையில் மறுபடியுங் கூட்ட வேண்டியிருக்கின்றது.

இத்தூசி எவ்வளவு? எத்திசையிலிருந்து வருகின்றது? எந்நேரத்தில் மிகுகின்றது? இவ்வினாக்கட்கு ஊரார் ஒரு விடை கூறுவர். ஆலையுடையார் பிறிதொரு விடை கூறுவர். ஊரார், மூச்சு விட இயலவில்லை என்பர். ஆலையுடையார், நாள்தோறும் தண்ணீர் தெளிக்கின்றோம், தூசியே இல்லை என்பர். இரு திறத்தார் கையிலும் அளவு என்பது இல்லை. அளவில்லாத வழக்கில் வலியார் சொல்லே நிற்கும் என்பது உலகறிந்த செய்தி. ஆகவே, இப்பொழுது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் தூசி உணர்கருவிகளைக் கொண்டு அன்னவாசல் போன்ற ஊர்களில் நம் மாணவரும் ஊராரும் கூடித் தாமே அளக்கத் தொடங்க வேண்டும் என்பதும், அங்ஙனம் அளக்குங்கால் அக்கருவி கூறுவதோடு அது கூறமாட்டாததையும் நன்கறிந்திருக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அன்னவாசலை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே அமைந்த இவ்வூரின் அயலிலேதான் சித்தன்னவாசல் மலை உள்ளது. அம்மலையின் ஏழடிப்பட்டம் என்னுங் குகையில் சமண முனிவர் படுத்துறங்கிய கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துக்களும் இன்றும் காணப்படுகின்றன. மலையின் மேற்குப் புறத்தே அறிவர் கோயிலில் தாமரைப் பொய்கை ஓவியம் உள்ளது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தே மதுரையாசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. கல்லோடு மக்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த நிலம் இது. உளியால் ஒரு படுக்கை வெட்டிய காலத்திலும் தூசி எழுந்திருக்கும்; ஆயின் அஃது உளி பிடித்தவன் கைக்கெட்டிய தூரத்திலேயே அடங்கியிருக்கும். இன்று ஒரு நாளில் ஒரு கிரஷர் அரைக்கும் கல், அக்காலத்து ஊர் ஒன்று ஒரு தலைமுறையிலும் செதுக்கியிராத அளவினதாம்.

இத்தொழில் வேண்டா என்று கூறுதல் நம் கருத்தன்று. நாம் இருந்து படிக்கும் வகுப்பறையின் தளத்திலும், ஊருக்கு நாம் பிரயாணஞ் செய்யும் நெடுஞ்சாலையிலும் அக்கல்லே கிடக்கின்றது. ஆற்று மணல் அருகியதால் கல்லை அரைத்து உண்டாக்கும் எம்-சாண்டு என்னும் செயற்கை மணலே கட்டட வேலைக்குப் பெரிதும் ஆதாரமாகி வருகின்றது. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2023ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டுள்ளனர். ஆற்றைக் காக்கும் பொருட்டு நாம் மலையிடம் சென்றோம். அச்செலவில் ஒரு பகுதியை மலையடிவாரத்து மக்கள் தங்கள் மூச்சினால் கொடுக்கின்றனர். அவர்கள் கொடுப்பது எவ்வளவு என்று கணக்கெழுதுவது கல் வாங்குவோராகிய நம் எல்லோருக்கும் கடமையாகும்.

தூசியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தூசியெனப்படுவது ஒரே தன்மைத்தன்று. மனிதன் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. 50 மைக்ரான் அளவுள்ள கற்பொடித் துகள் அமைதியான காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். 10 மைக்ரான் அளவுள்ளது நொடிக்கு 8 மில்லிமீட்டரே இறங்கும். இவ்விரண்டும் 10 மீட்டர் உயரத்தினின்று புறப்பட்டு, நொடிக்கு 3 மீட்டர் செல்லும் மெல்லிய காற்றில் மிதப்பதாகக் கொள்வோம். முன்னது ஒரு நிமிஷத்திற்குள் 150 மீட்டர் தூரத்தில் விழுந்துவிடும். பின்னது 20 நிமிஷம் மிதந்து, மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரில் இறங்கும். 2.5 மைக்ரான் துகளோ ஐந்து மணி நேரத்திற்கு மேலும் இறங்காது. ஆகவே ஆலையருகே கண்ணுக்குத் தெரியும் வெண்புகையை மட்டும் நோக்கி, தூசி ஊர் வரை வரவில்லை என்பார் கூற்றும், இலை மேற் படிந்ததை மட்டும் நோக்கி, இதுவே நாம் உட்கொள்ளும் தூசி என்பார் கூற்றும் ஒருங்கே குறைபாடுடையன. கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் மூக்கிலேயே தங்கும். நெஞ்சினுட் செல்வது கண்ணுக்குப் படுவதில்லை.

நான்கு மைக்ரானுக்கு உட்பட்ட கற்பொடி நுரையீரலின் கடைசி அறைகள் வரை செல்ல வல்லது. கருங்கல்லில் குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும். அதன் நுண்டுகள் நெடுங்காலம் நெஞ்சில் தங்கினால் சிலிகோசிஸ் என்னும் நோய் உண்டாகி நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அதனைப் போக்கும் மருந்து இன்றளவும் இல்லை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டிய தொழிலாளருள் நூற்றுக்கணக்கானோர் இந்நோயால் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் இந்நோயை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தன. ஆயினும் நாட்கூலிக்கு இன்று ஓர் ஆலையிலும் நாளை மற்றோர் ஆலையிலும் வேலை செய்யும் ஒருவன் இருமினால், அவனது இருமல் எந்த ஆலையின் கணக்கிலும் ஏறுவதில்லை.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 2009ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் வகுத்த காற்றுத் தரத்தின்படி, ஒரு கன மீட்டர்க் காற்றில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி 24 மணி நேரச் சராசரியில் 100 மைக்ரோகிராமுக்கும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டது 60 மைக்ரோகிராமுக்கும் மேற்படலாகாது. உலக சுகாதார நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட வரம்புகள் முறையே 45ம் 15ம் ஆம். கல் உடைக்கும் ஆலைகட்கெனத் தனி விதியும் உண்டு: 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் அட்டவணையில், ஆலையினின்று 40 மீட்டர் தூரத்தில் ஆலையால் நேரும் மிதக்குந்தூசி 600 மைக்ரோகிராமுக்குக் குறைந்திருத்தல் வேண்டும் என்றும், காற்றுத் தடுப்புச் சுவர், தண்ணீர் தெளிப்பு, பாவிய பாதை, சுற்றிலும் மரவரிசை ஆகியன வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. குடியிருப்பினின்று 300 மீட்டருக்குள் கற்குவாரிக்கு உரிமம் கூடாது எனத் தமிழ்நாட்டுச் சிறுகனிமச் சலுகை விதிகள் கூறுகின்றன. விதி குறைவன்று, விதி நடக்கின்றதா என்று நோக்கும் கண்ணே குறைவு. பொதுவான காற்றுத் தரத்திற்குரிய அளவையை ஓரிடத்தில் வாரம் இருமுறையாக ஆண்டுக்கு 104 நாள் எடுத்தால் போதுமென்பது முறை. அந்நாட்களில் வெடி வைக்கப்பட்டதா, காற்று எப்பக்கம் வீசியது, ஆலை ஓடியதா என்பவற்றை அவ்வெண் தானே கூறாது.

இந்நிலையில் ஊரார் கையில் எஞ்சியிருப்பது புகார் மனு ஒன்றே. புகார் என்பது ஒரு மனிதனின் கையெழுத்தோடு செல்வது. பகையும் அக்கையெழுத்தைத் தேடிக்கொண்டே வருவது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் இம்மாவட்டத்தின் திருமயம் பகுதியில், சட்டத்திற்குப் புறம்பான கற்குவாரிகளைக் குறித்து இடைவிடாது மனுச் செய்துவந்த ஜகபர் அலி என்பவர் லாரி மோதி உயிர் நீத்தார். முதலில் விபத்தெனத் தோன்றிய அச்சம்பவம் பின்னர்க் கொலை வழக்காகப் பதியப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு மாற்றப்பட்டது. வழக்கின் முடிவைக் கூறுதல் நீதிமன்றத்தின் வேலை. நாம் அதனின்று கற்க வேண்டியது மற்றொன்று: ஓர் ஊரின் உண்மை முழுவதும் ஒரு மனிதன் தலைமேல் ஏற்றப்படலாகாது. பத்து வீட்டுத் திண்ணையில் பத்துக் கருவிகள் இருந்து, அவற்றின் கணக்கு ஒரு பள்ளியிலும் ஒரு கல்லூரியிலும் ஓர் ஊராட்சியிலும் ஒரே சமயத்தில் எழுதப்படுமாயின், அக்கணக்கைப் பொய்யாக்க எவரையும் அச்சுறுத்திப் பயனில்லை.

இனி இம்மலிவான கருவி எத்தகையது என்பதைக் காண்போம். இருண்ட அறையில் ஓட்டின் துளை வழியே விழும் வெயிற்கதிரில் தூசி மின்னுவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பிறந்த ஜான் டிண்டால் அம்மின்னலையே காற்றின் தூய்மைக்குச் சோதனையாக்கினார். ஒளி சிறு துகளின் மேற்பட்டு எங்ஙனம் சிதறும் என்பதற்கு 1908இல் ஜெர்மானியராகிய குஸ்தாவ் மீ கணித விளக்கம் தந்தார். ஒளிச்சிதறலையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டு 1930இல் நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அன்னவாசலுக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலே 1888இல் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. இன்றைய கருவியும் அக்கதிரும் துளையுமே: உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, காற்றை இழுக்க ஒரு சிறு விசிறி, உள்ளே ஒரு லேசர்க் கதிர், அதனைக் கடக்குந் துகள் சிதறும் ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒரு சில்லு, அத்துடிப்புக்களை எண்ணி எடையாகக் கணக்கிடும் ஒரு சிறு கணிப்பான். அரசாங்க நிலையங்களின் பெருங்கருவி பல லட்சம் ரூபாய் விலை பெற, இஃது ஓர் எளிய கைப்பேசியின் விலையிலும் குறைவாகக் கிடைக்கின்றது. நிமிஷத்துக்கு நிமிஷம் எண் தருகின்றது.

பொதுமக்கள் இவ்வாறு அளப்பது புதிதன்று. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த கிராமத்தார், 2004ஆம் ஆண்டளவில், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் காற்றுப்பை ஒன்றை வைத்து, நாற்றம் வீசிய வேளையில் அக்காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். எந்நாள் எந்நேரம் எத்தகைய நாற்றம் என்று குறிப்பேடும் எழுதினர். நாற்றம் என்பது வெறும் மனப்பிரமை என்று தள்ளி வந்தவர்க்கு அவ்வாளி விடையிறுத்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தார் 2015 முதல் தத்தம் வீட்டுப் பலகணிகளில் தாமே கருவி கட்டி வைத்து, அவ்வெண்களை உலகறிய வெளியிட்டனர். அம்முயற்சி பல நாடுகட்கும் பரவியது. சென்னை ஐ.ஐ.டி.யினர் ‘காற்று’ என்னும் திட்டத்தில் மலிவான உணர்கருவிகளை ஓடும் வண்டிகளிற் பொருத்தித் தெருத்தெருவாக அளக்கும் முறையை வகுத்துள்ளனர். நகரத்தார் செய்வதை நாட்டுப்புறத்தார் செய்யலாகாது என்பதில்லை.

ஆயின் கருவியின் குறைகளை மறைத்துப் புகழ்தல் விஞ்ஞான மாணவர்க்கு அழகன்று. அரசாங்க முறையில் ஒரு வடிதாளின் வழியே காற்றை இழுத்து, தாளை முன்னும் பின்னும் நிறுத்து, வேறுபாட்டைத் தூசியின் எடையாகக் கொள்வர். மலிவான கருவி எதனையும் நிறுப்பதில்லை. ஒளியைக் கண்டு எடையை ஊகிக்கின்றது. அவ்வூகம் மூன்று வகையில் பிழைபடும்.

முதலாவது ஈரம். மார்கழி விடியலிற் பனி மூடியபோது துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கும்; கருவி நீரையும் தூசியாக எண்ணி மிகுத்துரைக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அலுவலகத்தார் 2020இல், காட்டுத்தீப் புகையை அறிய மக்கள் வீடுகளிலுள்ள பர்ப்பிள்ஏர் என்னும் கருவிகளின் எண்களைத் தம் வரைபடத்திற் சேர்த்துக்கொண்டபோது, அவற்றை ஏறத்தாழப் பாதியாக்கி, ஈரப்பதத்துக்கும் கழிவு செய்தே சேர்த்தனர் என்பது அறியத்தக்கது.

இரண்டாவது, இக்கருவி பொருளை அறியாது. விறகடுப்பின் புகையும், சுள்ளி எரித்த புகையும், லாரியின் கரியும், கல்லின் பொடியும் அதற்கு ஒன்றே. குவார்ட்ஸ் உண்டா இல்லையா என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

மூன்றாவதே நம் காரியத்துக்கு மிக முக்கியமானது. இவ்வகைக் கருவிகளுட் பல, நுண்ணிய புகைத்துகளை ஒருவாறு நன்கு காணுமேயன்றி, 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட பருந்துகளைச் சரியாகக் காண்பதில்லை. பருந்துகள் அச்சிறு விசிறியின் இழுப்புக்கு வளைந்து உள்ளே வருவதும் அரிது. வந்தாலும் கதிரில் முறையாக எண்ணப்படுவதும் அரிது. திரையில் 10 மைக்ரான் என்று ஓர் எண் தோன்றும். ஆயின் அது பெரும்பாலும் நுண்டுகளின் எண்ணைக் கொண்டு ஊகித்ததே. கல் உடைப்பதால் எழுவதோ பெரும்பாலும் பருந்தூசி. ஒரே பொருளாலாகிய 10 மைக்ரான் துகள் ஒன்று 1 மைக்ரான் துகள் ஆயிரத்தின் எடையுடையது. அதனைத் தவறவிடுவது ஆயிரத்தைத் தவறவிடுவதாகும். ஆகவே இக்கருவியை மட்டும் ஆலையருகே வைப்போமாயின், தூசி மிகுந்த நாளிலும் அது குறைந்த எண்ணைக் காட்டுதல் கூடும். இதன் விளைவைச் சிந்தியுங்கள்: ஊரார் நன்மைக்கென்று வாங்கிய கருவியே ஊராருக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும். உங்கள் கருவியே காற்று நன்று என்கின்றதே என ஆலையுடையார் கூறின், நாம் யாது விடையளிப்போம்?

இதற்குப் பரிகாரம் உண்டு, அதுவும் மலிவானதே. பருந்தூசி தானே விழும் இயல்பினது. விழுவதைப் பிடித்து நிறுக்கலாம். இங்கிலாந்தில் முதல் உலகப்போர்க் காலத்திலேயே நகரங்களின் கரிப்படிவை அளக்கப் படிவுக்கலங்களை வைத்தனர். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயகன்ற கண்ணாடிக் கலம் ஒன்றைச் சிறிது நீர் வார்த்து, மரநிழல் இல்லாத மேல்தளத்தில் 30 நாள் வைத்திருந்து, பின் இலையும் பூச்சியும் நீக்கி, நீரை வற்றச் செய்து, எஞ்சியதை நம் ரஸாயனக் கூடத்தின் நுண்தராசில் நிறுத்தால் போதும். அக்கலத்தின் வாய்ப்பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 57இல் ஒரு பங்கு. ஜெர்மானியர் தம் காற்றுத் தூய்மை விதியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 0.35 கிராம் படிவை ஆண்டுச் சராசரி வரம்பாக வைத்துள்ளனர். அக்கணக்கில் நம் கலத்தில் 30 நாளில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் சேரும். பள்ளிப் பிள்ளையும் செய்யத்தக்க இவ்வளவைக்கு மின்சாரமும் வேண்டா, கணிப்பானும் வேண்டா. கலத்தின் அருகே பசை தடவிய கண்ணாடித் தகடு ஒன்றை ஒரு நாள் வைத்து நுண்ணோக்கியிற் கண்டால், கூரிய முனையுடைய கற்றுகள் எது, கரி எது, மகரந்தம் எது என்பதை நம் தாவர நூல் மாணவரும் பிரித்தறிவர்.

எனவே உணர்கருவி நேரத்தைக் கூறட்டும். கலம் எடையைக் கூறட்டும். தகடு இனத்தைக் கூறட்டும். மூன்றும் ஒருங்கே நிற்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். இவற்றோடு வேறு சில ஒழுங்குகளும் வேண்டும். கருவிகளை ஊருக்கு அனுப்புமுன் ஒரே இடத்தில் சில வாரம் வைத்து, அவை தம்முள் ஒத்திருக்கின்றனவா என்று காணல் வேண்டும். இயலுமாயின் அரசாங்கக் கருவியொன்றின் அருகில் வைத்துத் திருத்தக் கணக்குச் செய்தல் வேண்டும். காற்றின் திசையையும் ஈரத்தையும் குறித்தல் வேண்டும். ஆடியில் மேல்காற்று வீசுங்கால் ஆலைக்குக் கிழக்கேயும், ஐப்பசியில் வாடை வீசுங்கால் தென்மேற்கேயும் தூசி செல்லும். ஆதலின் காற்றுக்கு எதிரே ஒன்றும் காற்றின் போக்கில் ஒன்றுமாக இரு புறத்தும் கருவி வேண்டும். இரண்டின் வேறுபாடே ஆலையின் பங்கு. வெடிச்சத்தம் கேட்ட நேரம், லாரி சென்ற எண்ணிக்கை, மழை பெய்த நாள் ஆகியன குறிப்பேட்டில் எழுதப்படல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, தூசி குறைந்த நாளின் எண்ணையும் மிகுந்த நாளின் எண்ணையும் ஒப்ப வெளியிடல் வேண்டும். வேண்டிய எண்ணை மட்டும் எடுத்துக் காட்டுவது கணக்கன்று.

இம்முயற்சிக்குச் சிலர் தடை கூறுவர். மலிவான கருவியின் எண் சட்டத்தில் சாட்சியாகாதே என்பர். உண்மையே. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வாரியத்தின் அதிகாரம் பெற்றவர் உரிய முறையில் எடுத்த மாதிரியே வழக்கில் நிற்கும். ஆயின் காய்ச்சல்மானி எந்த நோயையும் தீர்ப்பதில்லை. வைத்தியரை எப்பொழுது அழைக்க வேண்டும் என்பதை அறிவிக்கின்றது. மூன்று மாதம் எழுதிய குறிப்பேட்டைக் காட்டி, செவ்வாய், வெள்ளி மாலை 4 மணி முதல் 6 மணி வரை இவ்விடத்தில் தூசி மிகுகின்றது, அந்நேரத்தில் வந்து அளந்து பாருங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரிடம் மனுக் கொடுப்பதும், தூசி மிகுதி, ஆவன செய்க என்று மனுக் கொடுப்பதும் ஒன்றாகா. முன்னதைத் தள்ளுதற்கு ஓர் அதிகாரி காரணம் எழுத வேண்டிவரும்.

தொழில் கெடும், கூலிக்காரர் பட்டினி கிடப்பர் என்பார் வேறு சிலர். தூசியை முதலில் உண்பவர் அக்கூலிக்காரரே என்பதை இவர்கள் மறக்கின்றனர். நீர் தெளித்துத் துளையிடுவதும், அரைக்கும் இடத்தை மூடுவதும், லாரியின் மேல் தார்ப்பாய் கட்டுவதும், பாதையைப் பாவுவதும் ஆலையை மூடுதலாகா. மேலும், மலிவான கருவி துல்லியமான எடையைக் கூற வலியற்றதாயினும், ஒரே இடத்தில் நின்று நேற்றையினும் இன்று மிகுதியா குறைவா என்று கூறுவதில் வல்லது. தண்ணீர் தெளித்த பின் ஓர் எண், தெளியாத நாளில் ஓர் எண் என்று காட்டுமாயின், முறையாக ஆலை நடத்துபவர்க்கு அதனினும் நல்ல நற்சாட்சி எது? தூசி எழுப்பும் ஆலையையும் அடக்கும் ஆலையையும் பிரித்துக் காட்ட அளவு இல்லாதபோது, செலவு செய்து அடக்குபவரே நஷ்டமடைகின்றார்.

படிப்பை விட்டு இது மாணவர்க்கு ஏன் என்று வினவுவோருக்கு ஒரு சொல். பௌதிகத்தில் ஒளிச்சிதறலையும், ரஸாயனத்தில் நிறுத்தலையும், கணிதத்தில் சராசரியையும் பிழையையும், பொருளியலில் ஒருவர் இலாபத்தின் செலவை மற்றொருவர் தாங்குவதையும் நாம் தனித்தனியே படித்துப் பரீட்சை எழுதுகின்றோம். இவை நான்கும் கூடும் இடம் ஒன்றைத் தேடின், அன்னவாசற் பக்கத்துத் திண்ணை ஒன்றில் ஒரு கலமும் ஒரு பெட்டியும் வைத்துப் பார்க்கலாம். அங்கிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவர் நமக்கு வழிகாட்டுவர்.

நம் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்களுட் பொறியியலாரும், வைத்தியரும், கட்டட ஒப்பந்தக்காரரும், ஒருவேளை கிரஷர் உடையாரும் இருத்தல் கூடும். பத்துக் கருவிகளுக்கும் இருபது கலங்களுக்கும் ஆகும் செலவு, ஆண்டு விழாவின் பந்தற் செலவை எட்டாது. பொறியியலார் திருத்தக் கணக்குக்கு உதவுக. வைத்தியர் இருமலோடு வரும் கற்றொழிலாளியிடம் அவன் எத்தனை ஆண்டு எங்கே வேலை செய்தான் என்று கேட்டு எழுதுக. ஒப்பந்தக்காரர் தாம் வாங்கும் ஜல்லி தூசியடக்கிய ஆலையிலிருந்து வந்ததா என்று ஒரு முறை வினவுக. ஆலையுடையார் தம் மதிலின்மேல் ஒரு கலம் வைக்க இடந்தருக.

சித்தன்னவாசற் குகையில் தங்கிய முனிவர், கண்ணுக்குத் தோன்றாச் சிற்றுயிருக்கும் தம் மூச்சால் ஊறு நேரலாகாதென்று அஞ்சி வாழும் கொள்கையினர். அம்மலையின் அயலில் இன்று வாழும் குழந்தையின் மூச்சில் கண்ணுக்குத் தோன்றாத கல் எவ்வளவு செல்கின்றது என்பதை நாம் இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை. வருகின்ற ஆடிக்கு முன் முதற்கலத்தை வைப்போமாக.